தொட்டால் மட்டும் போதுமா? எக்ஸ்ப்ளோரட்டோரியத்தில் குடும்பங்களோடு நடந்த அறிவியல்: ஒரு நிகழ்வு ஆய்வு

அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களை ஓரமாக நின்று கவனித்தால், ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடப்பது தெரியும். குழந்தை ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துகிறது. ஏதோ சுழல்கிறது, ஏதோ ஒளிர்கிறது. அப்பா விளக்கப் பலகையை வாசிக்கத் தொடங்குகிறார். அவர் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் குழந்தை அடுத்த மேசைக்குப் போய்விடுகிறது. அம்மா தண்ணீர்ப் பாட்டிலும் பையுமாகப் பின்னால் நடக்கிறார். வெளியே வரும்போது எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மூவரும் சேர்ந்து ஒரே ஒரு கேள்வியையாவது கடைசிவரை துரத்தினார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.

இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்ட ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றியது இந்த ஆய்வு. சான் பிரான்சிஸ்கோவில் 1969இல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம், 'தொடாதே' என்று எழுதி வைத்திருந்த உலகத்தில் 'தொட்டுப் பார்' என்று சொன்ன முன்னோடி இடங்களில் ஒன்று. பின்னால் உலகெங்கும் முளைத்த அறிவியல் மையங்கள் பலவும் அதைப் பார்த்துத்தான் வழி கற்றுக்கொண்டன. அப்படிப்பட்ட இடமே, கையால் தொடுவது மட்டும் போதவில்லை என்று கண்டுகொண்டது. அதற்கு என்ன செய்யலாம் என்று ஆண்டுக்கணக்கில் அளந்து, மாற்றி, மறுபடி அளந்து பார்த்தது. அந்த உழைப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: குடும்பத்துக்கான அறிவியல் நிகழ்ச்சி என்பது அந்தக் குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சுதான். மேசை, கருவி, பயிற்சி பெற்ற ஊழியர் எல்லாமே அந்தப் பேச்சு பிறக்கவும் நீளவும் செய்யும் ஏற்பாடுகள்.

மாடு வளர்த்த இயற்பியலாளர்

இதை நிறுவியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவராக இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அவரும் அந்தத் திட்டத்தில் வேலை செய்த இயற்பியலாளர்தான். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக 1949இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. மினசோட்டா பல்கலைக்கழக வேலை போயிற்று. வேறெந்தப் பல்கலைக்கழகமும் சேர்த்துக்கொள்ளவில்லை. கொலராடோ மலைப்பகுதியில் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே பண்ணை வாங்கி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் மாடு வளர்த்தார்.

அந்த ஊர்ப் பள்ளியில் 1957இல் அறிவியல் ஆசிரியரானது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துப் போய், தூக்கிப்போட்ட இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்க வைத்தார். பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு வந்ததும், ஏறத்தாழ 100 சோதனைகளை எப்போதும் தயார் நிலையில் வைத்திருக்கும் 'சோதனை நூலகம்' ஒன்றை அமைத்தார். மாணவர்கள் விரும்பிய நேரத்தில் வந்து, விரும்பிய சோதனையை, விரும்பிய அளவு நேரம் செய்யலாம். 1965இல் ஆய்வு நல்கையோடு லண்டன் போனவர் ஐரோப்பிய அறிவியல் அருங்காட்சியகங்களைப் பார்த்தார். நாடு திரும்பியதும் அப்படி ஒன்றைத் தானே கட்டுவதென்று முடிவுசெய்தார்.

கிடைத்த இடம் 1915 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய 'பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்'. பிரம்மாண்டமான, வளைந்த, இருண்ட கூடம். திறப்பு விழா எதுவும் வைக்காமல் கதவைத் திறந்துவிட்டார். தொடக்க ஆண்டுகளில் நுழைவுக் கட்டணமும் இல்லை. காட்சிப்பொருள்களைச் செய்யும் பட்டறையை மறைக்காமல் பார்வையாளர் கண்ணெதிரிலேயே வைத்தார். ஒரு பொருள் உடைந்தால் அதைப் பழுது பார்ப்பதும் மக்கள் பார்க்க வேண்டியதுதான் என்பது அவர் எண்ணம். அருங்காட்சியகத்தில் யாரும் தோற்றுப்போவதில்லை என்று அவர் சொல்வது வழக்கம். பள்ளியில் மதிப்பெண் உண்டு, தேர்ச்சி உண்டு, தோல்வி உண்டு. இங்கே அவை இல்லை. அதனால் ஐம்பது வயது அப்பாவும் எட்டு வயது மகளும் ஒரே மேசையில் சமமாக நிற்க முடியும். குடும்பங்கள் விஷயத்தில் இது எவ்வளவு பெரிய அடித்தளம் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுதாகப் புலப்பட்டது.

ஓப்பன்ஹைமர் 1985இல் காலமானார். 2013 ஏப்ரலில் அருங்காட்சியகம் கடலோரத்தில் 15ஆம் எண் துறைமேடைக்கு இடம் மாறியது. இன்று அங்கே 600க்கும் மேற்பட்ட காட்சிப்பொருள்கள் உள்ளன. பட்டறை இன்றும் திறந்தே இருக்கிறது.

பசுவின் கண், பதின்ம வயது ஆசிரியர்

எக்ஸ்ப்ளோரட்டோரியத்தின் குடும்ப நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பசுவின் கண்ணை அறுத்துக் காட்டும் நிகழ்ச்சி. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த கண் ஒன்று தட்டில் இருக்கும். சுற்றிக் குழந்தைகளும் பெரியவர்களும் நெருக்கியடித்து நிற்பார்கள். நம் குடும்பங்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் திரும்பிய முகங்களில் பல கொஞ்ச நேரத்தில் தாமாகவே மறுபடி மேசைப் பக்கம் திரும்புவதை அங்கே பார்க்கலாம்.

முதலில் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பும் தசையும் வெட்டி எடுக்கப்படும். கண்ணை இப்படி அப்படிச் சுழற்றுவது அந்தத் தசைகள்தான். பிறகு முன்பக்கத்து விழிவெண்படலத்தில் கத்தி இறங்கும்போது உள்ளிருக்கும் தெளிந்த நீர் வெளியே வரும். படலத்தை வெட்டும்போது மொறுமொறுவென்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளிருந்து வில்லையை எடுத்துச் செய்தித்தாள் மேல் வைப்பார்கள். எழுத்துகள் அதன் வழியாகத் தெரியும். கடைசியில் கண்ணின் பின்சுவர். அங்கே நீலமும் பச்சையும் கலந்து மினுங்கும் ஒரு படலம் இருக்கிறது. ஒளியைத் திருப்பி அனுப்பி, மங்கிய வெளிச்சத்திலும் மாட்டுக்குப் பார்வை கொடுக்கும் படலம் அது. இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் மாட்டின் கண்கள் பளிச்சிடுவது இதனால்தான். மனிதக் கண்ணில் அது இல்லை. இதைச் சொன்னதும் ஏதாவது ஒரு குழந்தை உடனே அம்மாவின் கண்ணை உற்றுப் பார்க்கும்.

இதைச் செய்து காட்டுபவர்கள் பேராசிரியர்கள் அல்லர். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். தொடக்கத்திலிருந்தே எக்ஸ்ப்ளோரட்டோரியம் பதின்ம வயதினரைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிறது. 'எக்ஸ்ப்ளெய்னர்' என்பது அவர்கள் பெயர். பள்ளியில் முதலிடம் பிடித்தவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. நகரத்தின் பல பகுதிகளிலிருந்தும் பல பின்னணியிலிருந்தும் வருகிறார்கள். பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் வேலை.

செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடாக இது மேலோட்டமாகத் தோன்றலாம். நான் இதை இந்த அருங்காட்சியகத்தின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றாக மதிக்கிறேன். வெள்ளை மேலங்கி அணிந்த நிபுணர் மேசைக்குப் பின்னால் நின்றால், பெற்றோர் வாய் மூடிக்கொள்வார்கள். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம் வரும். பதினாறு வயதுப் பையனோ பெண்ணோ நின்றால் அந்தக் கூச்சம் விலகிவிடுகிறது. "எனக்கும் இது தெரியாது, வாங்க பார்ப்போம்" என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது, அதே சொற்களைத் தன் குழந்தையிடம் சொல்லும் துணிச்சல் பெற்றோருக்கும் வருகிறது. எட்டு வயதுக் குழந்தைக்கோ தன்னைவிடச் சற்றே பெரிய ஒருவர் கத்தியும் கையுமாக இவ்வளவு நிதானமாக வேலை செய்வது, தானும் சில வருடங்களில் எட்டக்கூடிய உயரமாகத் தெரிகிறது.

மூன்று மடங்கு நேரம்

1990களின் இறுதியில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தின் ஆய்வாளர்கள் சங்கடமான ஒன்றைக் கவனித்தார்கள். அவர்களுடைய காட்சிப்பொருள்களில் பெரும்பாலானவை, வியப்பான ஒரு நிகழ்வைக் காட்டி, பலகையில் அதற்கு விளக்கம் சொல்லும் வகையைச் சேர்ந்தவை. மக்கள் வருகிறார்கள், பலகையில் சொன்னபடி செய்கிறார்கள், வியக்கிறார்கள், விளக்கத்தை வாசிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். கேள்வியும் பலகையுடையது, பதிலும் பலகையுடையது. பார்வையாளருடைய கை மட்டுமே பயன்பட்டது.

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு அவர்கள் வேறு வகையான காட்சிப்பொருள்களை உருவாக்கினார்கள். ஒரே ஒரு 'சரியான' முடிவை நோக்கித் தள்ளாமல், பல வழிகளில் ஆராயவும், கட்டவும், கூர்ந்து பார்க்கவும் இடம் கொடுப்பவை. பழைய வகையையும் புதிய வகையையும் ஒப்பிட்டபோது, புதியவற்றின் முன் மக்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் நின்றார்கள். அதைவிட முக்கியமானது, எழுந்த கேள்விகளில் அதிகமானவற்றைப் பார்வையாளர்களே கேட்டு, அவர்களே செய்து பார்த்துப் பதில் தேடினார்கள்.

இந்தப் பணியைச் செய்த சூ ஆலன், ஜாஷுவா கட்வில் ஆகிய இருவரும் 2004இல் எழுதிய கட்டுரை, குடும்பங்களுக்கான காட்சிப்பொருள் செய்பவர்கள் அனைவரும் படிக்க வேண்டியது. பல பொத்தான்கள், பல கைப்பிடிகள், பலர் ஒரே நேரத்தில் இயக்கும் வசதி ஆகியவற்றை ஒரே மேசையில் குவித்தால் என்ன கெடும் என்று அதில் காட்டுகிறார்கள். எல்லாப் பொத்தானும் ஒரே அளவில் கண்ணைக் கவர்ந்தால் எதைத் தொடுவதென்று தெரியாமல் மக்கள் திணறுகிறார்கள். அக்கா கவனமாக அலையை உருவாக்கிக்கொண்டிருக்கும்போது தம்பி மறுமுனையில் கைப்பிடியை ஆட்டினால், அக்காவின் சோதனை பாழாகிறது. 'எல்லோரும் ஒரே நேரத்தில் விளையாடலாம்' என்பது குடும்பத்துக்கு ஏற்ற வடிவமைப்பு என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். எல்லோருடைய கையும் ஒன்றாக இயங்கும் இடத்தில் யாருடைய எண்ணமும் முழுமை பெறாமல் போகலாம்.

கட்வில் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நடந்து அதிர்ச்சி கொடுக்கும் காட்சிப்பொருள்களை அருங்காட்சியகங்கள் பெரிதும் விரும்புகின்றன. ஆனால் அதிர்ச்சி அதிகமானால் மக்கள் சோதனையைக் கைவிட்டு, 'இது ஏன் இப்படி?' என்று விளக்கம் தேடிப் பலகைக்குப் போய்விடுகிறார்கள். வியப்பு சில வேளை தேடலுக்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. அறிவியலை மேடை வித்தையாகக் காட்டி விசில் வாங்கும் நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த முடிவுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ரசமான கேள்வி

இந்த வரலாற்றின் மையம் இங்கேதான் இருக்கிறது. காட்சிப்பொருளை மாற்றினால் பேச்சு மாறும் என்று தெரிந்துவிட்டது. காட்சிப்பொருளைத் தொடாமல், குடும்பத்துக்கே ஒரு சின்னத் திறமையைக் கற்றுக்கொடுத்தால்? அந்தத் திறமையை அவர்கள் எந்த மேசைக்கும் எடுத்துப் போகலாம் அல்லவா?

கட்வில்லும் ஆலனும் ஏறத்தாழ 200 குடும்பங்களை வைத்து இதைச் சோதித்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 8 முதல் 12 வயதுக் குழந்தைகளும் அவர்களோடு வந்த பெரியவர்களும் கொண்ட குழுக்கள். காட்சிக்கூடத்தின் சந்தடியிலிருந்து விலகிய அறையில் சில காட்சிப்பொருள்களை வைத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே ஏறத்தாழ இருபது நிமிடப் பயிற்சி. கற்றுக்கொடுத்தது இரண்டே விஷயங்கள். செய்யத் தொடங்கும் முன் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று சொல்வது, செய்த பின் என்ன கண்டோம் என்று சொல்வது. இந்த இரண்டையும் பழக்க இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளை வடிவமைத்து, ஒரு பிரிவுக் குடும்பங்களுக்கு ஒன்றையும் இன்னொரு பிரிவுக்கு மற்றதையும் கற்றுக்கொடுத்தார்கள்.

ஒன்று 'ரசமான கேள்வி' விளையாட்டு. குடும்பம் முதலில் கொஞ்ச நேரம் சும்மா விளையாடிப் பார்க்கும். பிறகு எல்லோரும் நிறுத்துவார்கள். ஒவ்வொருவரும், அம்மா அப்பா உட்பட, ஆளுக்கொரு கேள்வி சொல்ல வேண்டும். கேள்விக்கு இரண்டு நிபந்தனைகள். அங்கே நிற்கும் யாருக்கும் பதில் தெரிந்திருக்கக் கூடாது. அந்தக் காட்சிப்பொருளைப் பயன்படுத்தியே பதில் கண்டுபிடிக்க முடிய வேண்டும். சொன்ன கேள்விகளில் ஒன்றைக் குடும்பம் சேர்ந்து தேர்ந்தெடுத்து ஆராயும். முடிவில் மறுபடி நிறுத்தி, என்ன கண்டோம் என்று பேசும்.

மற்றது 'கையை எடு!' விளையாட்டு. யாருக்கு வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் 'கையை எடு!' என்று சொல்ல உரிமை உண்டு. சொன்னவுடன் மற்றவர்கள் கையை எடுத்துவிட வேண்டும். சொன்னவர் தன் திட்டத்தையோ தான் கண்டதையோ அறிவிப்பார். இது அவரவர் விருப்பப்படி நடப்பது, கட்டாயமில்லை.

ஒப்பீட்டுக்காக இன்னும் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் ஊழியர் காட்சிப்பொருள்களை நன்றாக விளக்கிச் சுற்றிக் காட்டினார். மற்றதில் எதுவும் செய்யவில்லை. பயிற்சி முடிந்ததும், எல்லாக் குடும்பங்களையும் அவர்கள் அதுவரை பார்த்திராத ஒரு காட்சிப்பொருளோடு விட்டு, நடந்ததைக் காணொளியில் பதிவு செய்தார்கள்.

'ரசமான கேள்வி' குடும்பங்கள் தெளிவாக முன்னால் நின்றன. அவர்கள் கண்டதற்கு விளக்கம் சொல்வது கூடியது. ஒருவர் தொடங்கிய விளக்கத்தை மற்றவர் எடுத்து வளர்த்தார். ஒரு சோதனையின் முடிவிலிருந்து அடுத்த சோதனை பிறந்தது. 'கையை எடு!' அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. ஊழியர் சுற்றிக் காட்டி விளக்கிய குடும்பங்களும் 'ரசமான கேள்வி'க் குடும்பங்களுக்கு ஈடாகவில்லை. பொறுப்பான அருங்காட்சியகங்கள் வழக்கமாகச் செய்வது இந்தச் சுற்றிக் காட்டலைத்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு? எல்லோரும் ஒன்றாக நிறுத்துவது, எல்லோரும் கேள்வி சொல்வது, ஒன்றைச் சேர்ந்து தேர்ந்தெடுப்பது என்ற கட்டமைப்பே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கோ அந்த முதல் நிபந்தனைதான் இதன் உயிராகத் தெரிகிறது. யாருக்கும் பதில் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும் என்ற விதி பெற்றோரை ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறக்கிவிடுகிறது. "இது என்னன்னு சொல்லு பார்ப்போம்?" என்று பதிலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைச் சோதிக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியது. அன்போடுதான் செய்கிறோம். ஆனால் அந்த நொடியில் குழந்தைக்கு அது தேர்வாகிவிடுகிறது. விதி அதைத் தடுத்ததும், அப்பாவுக்கும் உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை வருகிறது. குழந்தை அதைக் கண்டுபிடித்துவிடும். பெரியவர்களின் ஆர்வம் நடிப்பா நிஜமா என்பது குழந்தைகளிடம் மறையாது.

மகனுக்கு விளக்கம், மகளுக்கு?

குடும்பப் பேச்சுதான் நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பேச்சில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்காமல் இருக்க முடியாது. எக்ஸ்ப்ளோரட்டோரியத்துக்குத் தெற்கே, சான் ஹோசே நகரத்துக் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் கெவின் க்ரௌலி, மொரீன் காலனன் முதலானோர் குடும்பங்களைப் பதிவு செய்து 2001இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காட்சிப்பொருள்களின் முன் பெற்றோர் அறிவியல் விளக்கம் கொடுப்பது மகள்களைவிட மகன்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. பெண் குழந்தைகள் ஆர்வம் காட்டவில்லை என்று காரணம் சொல்ல முடியாது. இருபாலரும் ஒரே அளவில்தான் கருவிகளைக் கையாண்டார்கள். பள்ளியில் காலெடுத்து வைக்காத வயதுக் குழந்தைகளும் இதில் அடக்கம்.

இதைப் படித்த பிறகு அருங்காட்சியகத்தில் என் காதைத் தீட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். மகளிடம் "இங்க பாரு, அழகா இருக்கு இல்ல?" என்பதும் மகனிடம் "இது ஏன் சுத்துது தெரியுமா?" என்பதும் ஒரே வாயிலிருந்து, ஒரே அன்போடு வருவதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அதனால்தான் அறிவுரையால் மாற்றுவது கடினம். விதிகளால் மாற்ற முடியும். 'ரசமான கேள்வி'யில் ஒவ்வொருவரும் கேள்வி சொல்லியே ஆக வேண்டும் என்றிருப்பதால், மகளின் முறை தவறிப்போக வழியில்லை.

காட்சிப்பொருளின் வடிவத்திலும் இதற்கு இடம் உண்டு. பெண் குழந்தைகளை ஈர்த்து நிறுத்தும் காட்சிப்பொருள்கள் எப்படி இருக்கின்றன என்று எக்ஸ்ப்ளோரட்டோரியம் வேறு இரு அறிவியல் மையங்களோடு சேர்ந்து ஆராய்ந்தது. பலர் பக்கத்தில் பக்கத்தில் நின்று பயன்படுத்தும் இட வசதி, முதலில் ஓரமாக நின்று மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு, வீட்டில் பழகிய பொருள்கள், இப்படித்தான் முடிய வேண்டும் என்றில்லாத திறந்த தன்மை ஆகியவை உதவுவதாகத் தெரிந்தது. கூச்ச சுபாவமுள்ள ஆண் குழந்தைகளுக்கும், முதல் முறை அருங்காட்சியகம் வரும் பெரியவர்களுக்கும் இதே ஏற்பாடு நல்லது என்பது என் கருத்து.

டிங்கரிங் மேசையில் ஒரு பாட்டி

எக்ஸ்ப்ளோரட்டோரியத்துக்குள்ளேயே மைக் பெட்ரிச், கேரன் வில்கின்சன் இருவரும் வளர்த்தெடுத்த, எளிய பொருள்களை வைத்து எதையாவது செய்து செய்து பார்க்கும் இடமான 'டிங்கரிங் ஸ்டூடியோ'வில் இந்தப் பாடங்கள் எல்லாம் ஒரே மேசையில் கூடிவருகின்றன. பொம்மை மோட்டாரில் ஒருபக்கமாக எடை மாட்டி, காகிதக் கோப்பையில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாக்களைக் கால்களாக வைத்தால், அது துள்ளித் துள்ளிப் படம் வரையும். துளைப் பலகையில் குழாய், புனல், மரக்குச்சிகளை மாட்டி, கோலிக்குண்டை எவ்வளவு மெதுவாக இறக்க முடியும் என்று பார்க்கலாம். கண்ணாடி போன்ற உயரமான குழாயின் அடியில் மின்விசிறி வைத்து, மேலே எழும் காற்றில் நீங்கள் செய்ததை மிதக்க விடலாம். மேசையில் கச்சிதமான ஒரு மாதிரியை வைப்பதில்லை. வெவ்வேறு விதமான, பாதி முடிந்த, விசித்திரமான பல மாதிரிகள் இருக்கும். ஒரே அழகான மாதிரி இருந்தால் எல்லோரும் அதையே நகலெடுப்பார்கள்.

அங்கே உதவி செய்யும் ஊழியர்களுக்கு மூன்று வேலைகள்: ஆர்வத்தைப் பற்றவைப்பது, முயற்சி சோர்ந்துபோகாமல் தாங்குவது, புரிதலை ஆழப்படுத்துவது. அதற்கு மேல் கையை நீட்டக் கூடாது. குழந்தையின் கையிலிருந்து பொருளை வாங்கிச் சரிசெய்து கொடுப்பதற்கு அங்கே இடமில்லை.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஊரிலிருந்து பேரன் பேத்தியைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா பாட்டிகளை இங்கே அடிக்கடி காணலாம். பலகையை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டிய மேசைகளில் அவர்கள் பின்னால் நின்றுவிடுவார்கள். காற்றுக் குழாயின் அருகே அப்படி நிற்கவில்லை ஒரு பாட்டி. காகிதத்தை எடுத்து, கடலை மடிக்கும் பொட்டலமாகச் சுருட்டி, "இத உள்ள போட்டுப் பாரு கண்ணு" என்று பேத்தியிடம் நீட்டினார். பொட்டலம் விர்ரென்று மேலே போய்க் குழாய்க்கு வெளியே விழுந்தது. "ஆச்சி, இது நடுவுல நிக்கணும், எப்படி நிக்க வைக்கிறது?" என்று கேட்டாள் அந்தப் பெண். "எனக்கென்னடி தெரியும், கனம் கூட்டிப் பார்ப்பமா?" என்றார் பாட்டி. காகிதக் கவ்விகளை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். பொட்டலம் மேலே போவதும் கீழே அமிழ்வதுமாக இருந்து, கடைசியில் குழாயின் பாதியில் தயங்கித் தயங்கி நின்றது. ஆய்வுக்கட்டுரைகள் நூறு பக்கத்தில் தேடும் பேச்சு அது. பாட்டிக்கும் பதில் தெரியாது, இருவர் கையிலும் வேலை இருக்கிறது, பலகையில் ஒரு வரி கூட வாசிக்கத் தேவையில்லை.

எல்லைகள்

இந்த முயற்சியின் குறைகளையும் சொல்ல வேண்டும். 'ரசமான கேள்வி' தனியறையில், ஒரு குடும்பத்துக்கு ஒரு பயிற்றுநர் என்ற கணக்கில் வெற்றி பெற்றது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருபது நிமிடம் கொடுக்க எந்த அருங்காட்சியகத்திடமும் ஆள் கிடையாது. காட்சிக்கூடத்தின் நடுவில், பின்னால் பத்துப் பேர் காத்து நிற்கும்போது, "நிறுத்துங்கள், ஆளுக்கொரு கேள்வி சொல்லுங்கள்" என்று ஒரு குடும்பம் நிதானமாக இருக்கவும் முடியாது. ஆய்வில் தெளிவாக நிரூபித்த ஒன்று அன்றாட நடைமுறையாக மாறாமல் நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது. வருகை எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஒரு மூலையை இதற்கென்றே ஒதுக்குவது செய்யத் தகுந்தது என்று நினைக்கிறேன்.

கட்டணம் இன்னொன்று. இலவசமாகத் தொடங்கிய இடத்தில் இன்று பெரியவர் ஒருவருக்கான சீட்டு 40 டாலரை ஒட்டி வருகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல. துறைமேடையின் வெளிப்பகுதியில் கட்டணமின்றிப் பயன்படுத்தும் காட்சிப்பொருள்கள் சில இருப்பது ஓரளவு ஆறுதல்.

ஆனால் ஒரு விஷயத்தில் இவர்கள் கை தாராளமானது. தங்கள் காட்சிப்பொருள்களைச் செய்யும் முறையை 1970களிலிருந்தே செய்முறைக் குறிப்புகளாக வெளியிட்டு, உலகில் யாரும் செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து, அதே காட்சிப்பொருள்களின் சிறிய, மலிவான வடிவங்களையும் உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றை எங்கேயும் செய்யலாம். ஒரு ஹேர் டிரையர், ஒரு பிங்பாங் பந்து போதும். டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்து, அதன் வாயை மேல்நோக்கிப் பிடித்து, பந்தைக் காற்றில் விடுங்கள். பந்து அந்தரத்தில் நிற்கும். விரலால் மெல்ல ஓரத்துக்குத் தள்ளினாலும் காற்றோட்டத்துக்குள் திரும்பி வரும். பந்தை ஒட்டி வளைந்து போகும் காற்று வெளிப்பக்கமாகத் திருப்பப்படுகிறது, அதன் எதிர்வினை பந்தை உள்ளே தள்ளுகிறது.

இதை நீங்கள் குழந்தைக்கு விளக்கிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் விளையாடியதும் டிரையரை நிறுத்திவிட்டு, வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் ஆளுக்கொரு கேள்வி வாங்குங்கள், கடைக்குட்டியிலிருந்து தாத்தா வரை. எவ்வளவு சாய்த்தால் பந்து விழும்? இரண்டு பந்துகளை ஒன்றாக நிற்க வைக்க முடியுமா? பந்துக்குப் பதில் பலூன்? சுவரின் மூலைக்குக் கொண்டுபோனால் பந்து மேலே ஏறுமா, கீழே இறங்குமா?